பழைய புத்தகக் கடையில் கிடைத்த ரஷ்யப் புரட்சி வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த நூல்களைப் பற்றியது?

1917ஆம் ஆண்டு ரஷ்யப் புரட்சியையும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரையும் பற்றித் தமிழிலோ ஆங்கிலத்திலோ அச்சாகி, இப்போது பழைய புத்தகக் கடைகளிலும் எடைக்கு எடுக்கும் கடைகளிலும் மட்டுமே கைக்குக் கிடைக்கும் வரலாற்று நூல்களைப் பற்றியது. சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய கடைகளிலும், திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையிலும் இவை இன்றும் தென்படுகின்றன. ஒரு நூலை வாங்கலாமா, வாங்கியதை எப்படிப் படிப்பது, எவ்வாறு வைத்துக் காப்பது ஆகிய மூன்றைப் பற்றியும் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கடையில் நிற்கும்போது முதலில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்?

அட்டையையும் பொருளடக்கத்தையும் விட்டுவிட்டு, பதிப்பு விவரம் அச்சிடப்பட்ட பக்கத்தைப் பாருங்கள். இந்தியப் பதிப்பகங்களின் நூல்களில் இது தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும். சோவியத் ஒன்றியத்தில் அச்சான நூல்களில் முன்பக்கத்தில் சுருக்கமாகவும், கடைசித் தாளில் மிகச் சிறிய எழுத்தில் ரஷ்ய மொழியில் விரிவாகவும் இருக்கும். அந்தக் கடைசித் தாளில் நூலின் ரஷ்யத் தலைப்பு, அது தமிழ் மொழிப் பதிப்பு என்ற குறிப்பு, அச்சுக்கு ஒப்புதல் தரப்பட்ட நாள், தாளின் அளவு, எத்தனை படிகள் அச்சிடப்பட்டன என்ற கணக்கு ஆகியவை வரிசையாகக் காணப்படும். ரஷ்ய எழுத்து தெரியாவிட்டாலும் எண்களைப் படிக்க முடியும். இங்கே வேண்டியதும் எண்கள்தான்.

கடைசித் தாள் கிழிந்து போயிருந்தால், "வாசகர்களுக்கு" என்ற தலைப்பில் மொழிபெயர்ப்பையும் அமைப்பையும் பற்றிய கருத்துகளை மாஸ்கோ ஜூபவ்ஸ்கி புல்வார் முகவரிக்கு எழுதி அனுப்பக் கேட்கும் சிறு குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால் முன்னேற்றப் பதிப்பகத்தின் நூல் என்று கொள்ளலாம். அந்தப் பதிப்பகம் அப்பெயரைப் பெற்றது 1960களின் தொடக்கத்தில். அதற்கு முன் அது அயல்மொழிப் பதிப்பகம் என்று வழங்கியது. ஆகவே பதிப்பகத்தின் பெயரே காலத்தை ஓரளவு காட்டிவிடும்.

அச்சான ஆண்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நிகழ்வுகள் ஒன்றுதானே?

நிகழ்வுகள் ஒன்றுதான், அவற்றில் யார் இருந்தார்கள் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே வந்தது. இந்தத் துறையில் அச்சு ஆண்டைப் பார்க்காமல் ஒரு நூலை நம்புவதும் தள்ளுவதும் இரண்டுமே தவறு என்பதுதான் இப்பக்கத்தின் அடிப்படைக் கருத்து.

1938இல் ஸ்டாலினின் மேற்பார்வையில் வெளியான கம்யூனிஸ்ட் கட்சி வரலாற்றுச் சுருக்கம், பல மொழிகளில் கோடிக்கணக்கான படிகள் அச்சாகி, அடுத்த பதினெட்டு ஆண்டுகளுக்கு எல்லா வரலாற்று நூல்களுக்கும் அளவுகோலாக இருந்தது. அதில் லெனினோடு புரட்சியை வழிநடத்திய டிராட்ஸ்கி தொடக்கம் முதலே சதிகாரர், கட்சியின் மற்றொரு மூத்த தலைவரான புகாரின் துரோகி, லெனினுக்கு அடுத்து எங்கும் நிற்பவர் ஸ்டாலின். 1956 பிப்ரவரியில் இருபதாவது கட்சிப் பேராயத்தில், ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைவரான குருஷ்சேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசிய பின் அந்த நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டு, 1959இல் வேறொரு கட்சி வரலாறு வந்தது. புதிய நூலில் ஸ்டாலினின் இடம் சுருங்கியது. டிராட்ஸ்கிக்கு மட்டும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. 1964இல் குருஷ்சேவ் பதவி இழந்ததும், அவருடைய பெயரே அடுத்துவந்த நூல்களில் அரிதாகிப் போனது. கடைசி சோவியத் தலைவரான கோர்பச்சேவ் காலத்தில்தான் கதவு திறந்தது. 1938இல் சுட்டுக் கொல்லப்பட்ட புகாரின் மீதான தீர்ப்பு 1988 பிப்ரவரியில் ரத்து செய்யப்பட்டது. அதே ஆண்டு, பாடநூல்களில் உள்ளதை வைத்து மாணவர்களைச் சோதிக்க முடியாது என்ற நிலை வந்து, சோவியத் பள்ளிகளில் வரலாற்றுத் தேர்வே கைவிடப்பட்டது. ஒரு பெரிய நாடு தன் பாடநூலைத் தானே நம்ப முடியாமல் தேர்வை நிறுத்தியதற்கு வேறு எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

எனவே உங்கள் கையில் உள்ள பிரதி 1938–1956, 1956–1964, 1964–1986, அதற்குப் பின் என்ற நான்கு காலங்களில் எதைச் சேர்ந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மொழிபெயர்ப்பு நூலாயின், மூலம் எழுதப்பட்ட ஆண்டுக்கும் தமிழில் அச்சான ஆண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் கடந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அச்சான பிறகும் நூல்கள் திருத்தப்பட்டதாகச் சொல்வது உண்மையா?

உண்மை. சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பில், ஐந்தாம் தொகுதியில், உள்துறைத் தலைவராக இருந்த பெரியாவைப் பற்றிப் புகழ்ச்சியான கட்டுரையும் முழுப்பக்கப் படமும் இடம்பெற்றிருந்தன. 1953இல் அவர் கைது செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். 1954இல் சந்தாதாரர்களுக்கு ஓர் உறை வந்தது. குறிப்பிட்ட பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ சவரக் கத்தியாலோ நறுக்கி எடுத்துவிட்டு, உடன் அனுப்பியுள்ள பக்கங்களை அங்கே ஒட்டுமாறு அதில் அறிவுறுத்தப்பட்டிருந்தது. மாற்றுப் பக்கங்களை நிரப்பியிருந்தவற்றுள் முதன்மையானது பெரிங் கடல் பற்றிய விரிவான கட்டுரையும் படங்களும். அந்தத் தொகுதியில் பெரியாவின் படம் அப்படியே இருக்கும் பிரதி, உறையைப் பெற்ற ஒருவர் கத்தியை எடுக்கவில்லை என்பதற்கோ, உறை அவரை வந்து சேரவில்லை என்பதற்கோ சான்று. பழைய நூல்களில் பக்க எண் தாவுவதைக் கண்டால் அதை உடனே கட்டுநரின் பிழையாகக் கருதிவிடாதீர்கள்.

அக்டோபர் புரட்சி நவம்பரில் நடந்ததாக ஒரு நூலும் அக்டோபரில் நடந்ததாக இன்னொரு நூலும் கூறுகின்றன. எது சரி?

இரண்டும் சரி. ரஷ்யா அப்போது ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அது மற்ற நாடுகளின் கிரெகோரியன் நாட்காட்டிக்கு 13 நாட்கள் பின்தங்கியிருந்தது. அன்றைய தலைநகர் பெத்ரோகிராதில் ஆட்சி கைப்பற்றப்பட்ட நாள் பழைய கணக்கில் அக்டோபர் 25, புதிய கணக்கில் நவம்பர் 7. ரொட்டிக்காக வரிசையில் நின்ற பெண்களும் நெசவாலைப் பெண் தொழிலாளர்களும் தெருவில் இறங்கிய பிப்ரவரி 23 என்பது புதிய கணக்கில் மார்ச் 8, அதாவது உலக மகளிர் நாள். ரஷ்யப் பேரரசரான ஜார் இரண்டாம் நிக்கலாஸ் முடிதுறந்தது மார்ச் 2 என்றும் மார்ச் 15 என்றும் இருவகையாகக் காணப்படும். 1918இல் சோவியத் அரசு ஜனவரி 31க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 என்று அறிவித்து இந்தக் குழப்பத்தை முடித்து வைத்தது. அதன் பின்னுள்ள தேதிகளில் சிக்கல் இல்லை.

நல்ல நூல் தான் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடும், அல்லது இரண்டு தேதிகளையும் சேர்த்துத் தரும். முடிதுறப்பை மார்ச் 15 என்றும் ஆட்சிக் கைப்பற்றலை அக்டோபர் 25 என்றும் விளக்கமின்றிக் கலந்து எழுதும் நூல், இருவேறு மூலங்களிலிருந்து கவனமில்லாமல் தொகுக்கப்பட்டது என்று ஐயப்படலாம்.

இதையொட்டித் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாரதியாரின் "புதிய ருஷியா" அக்டோபர் புரட்சியை வாழ்த்திய பாடலாகவே மேடைதோறும் சொல்லப்படுகிறது. ஆனால் அதன் துணைத்தலைப்பு ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சி என்பது. ஜார் வீழ்ந்தது பிப்ரவரிப் புரட்சியில். அக்டோபரில் வீழ்ந்தது, ஜாருக்குப் பின் வந்த, கெரென்ஸ்கி தலைமையிலான இடைக்கால அரசாங்கம்.

நூலில் வரும் ஊர்களை வரைபடத்தில் காண முடியவில்லையே?

ஊர்கள் இருக்கின்றன; பெயர்கள் மாறிவிட்டன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெத்ரோகிராத் ஆனது, லெனின் இறந்த 1924இல் லெனின்கிராத் ஆனது, 1991இல் பழைய பெயருக்கே திரும்பியது. சாரித்சின் 1925இல் ஸ்டாலின்கிராத் ஆகி 1961இல் வோல்காகிராத் ஆனது. ஜார் குடும்பம் 1918 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்ட எகத்தரின்பூர்க், 1924 முதல் 1991 வரை ஸ்வெர்த்லோவ்ஸ்க் என்று வழங்கியது. சோவியத் கால வரைபடங்களில் சமாராவைக் குய்பிஷேவ் என்றும், நீஷ்னி நோவ்கோரதைக் கோர்க்கி என்றும் தேடிப் பாருங்கள்.

படங்களை நம்பலாமா?

படத்தை நம்புவதைவிட அதன் கீழ் உள்ள குறிப்பை நம்பாமல் இருப்பது முக்கியம்.

பெரும்பாலான நூல்களில் இடம்பெறும், குளிர்கால அரண்மனையை நோக்கிக் கூட்டம் பாய்ந்தோடும் படம் 1917இல் எடுக்கப்பட்டதன்று. மூன்றாம் ஆண்டு நிறைவையொட்டி 1920இல் அதே சதுக்கத்தில், எவ்ரெய்னோவ் என்ற நாடக இயக்குநரின் தலைமையில், ஆயிரக்கணக்கானோர் பங்கேற்று நடித்துக் காட்டிய காட்சியோடு சேர்ந்தது அது. உண்மையான இரவில் அரண்மனையைக் காத்தவர்களில் பலர் ஏற்கெனவே கலைந்து போயிருந்தனர். அவுரோரா போர்க்கப்பல் சுட்டது வெற்று வேட்டு. நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் அமைச்சர்கள் கைது செய்யப்பட்டனர். நடித்துக் காட்டியதில் இருந்த ஆரவாரம் நடந்ததில் இல்லை என்பது, பின்வந்த நூல்களின் நடையைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

அடுத்து, 1920 மே 5 அன்று போலந்துப் போர்முனைக்குச் செல்லும் படைவீரர்களிடையே லெனின் மர மேடையிலிருந்து சாய்ந்து பேசும் புகழ்பெற்ற படம். மூலப் படத்தில் மேடையின் பக்கவாட்டுப் படிக்கட்டில் டிராட்ஸ்கியும் மற்றொரு கட்சித் தலைவரான கமெனெவும் நிற்கிறார்கள். பின்னாளைய பதிப்புகளில் அந்த இடத்தில் வெறும் மரப்படிகள் மட்டும் இருக்கும். உங்கள் பிரதியில் இந்தப் படம் இருந்தால் ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டு படிக்கட்டுப் பகுதியைப் பாருங்கள். இருவரும் நிற்கிறார்களா இல்லையா என்பது, நூலாசிரியர் முன்னுரையில் சொல்லாத பலவற்றைச் சொல்லிவிடும். மாஸ்கோ–வோல்கா கால்வாயோரம் ஸ்டாலினுக்கு அருகில் நடந்த உளவுத்துறைத் தலைவர் யெஷோவும், 1940இல் கொல்லப்பட்ட பின் இவ்வாறே நீக்கப்பட்டு, அவர் நின்ற இடம் கால்வாய் நீரால் நிரப்பப்பட்டது.

சோவியத் நூல்கள் எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன?

மூன்று நிகழ்வுகளைச் சொற்குறிப்பு அடைவில் தேடிப் பாருங்கள். முதலாவது அரசியல் நிர்ணய சபை. 1917 நவம்பரில் தொடங்கிய தேர்தலில் சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சி முதலிடம் பெற்றது. லெனினின் கட்சியினரான போல்ஷிவிக்குகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்குகளே பெற்றனர், ஆனால் பெத்ரோகிராதிலும் மாஸ்கோவிலும் அவர்களே முதலிடத்தில் இருந்தனர். 1918 ஜனவரியில் ஒரே ஒரு முறை கூடிய அந்தச் சபை உடனே கலைக்கப்பட்டது. இதை ஒரு பத்தியில் கடந்துவிடும் நூல்கள் பல. வாக்கு விகிதத்தையும் நகரங்களின் நிலையையும் சேர்த்துச் சொல்லும் நூலே நேர்மையானது.

இரண்டாவது கிரோன்ஷ்டாட். 1917இல் போல்ஷிவிக்குகளின் பெரும் பலமாக இருந்த அந்தக் கடற்படைத் தளத்தின் மாலுமிகள், சோவியத்துகள் எனப்பட்ட தொழிலாளர், படைவீரர் மன்றங்களுக்குச் சுதந்திரமான தேர்தல் கேட்டு 1921 மார்ச்சில் கிளர்ந்தெழுந்தனர். பின்லாந்து வளைகுடாவின் உறைபனி மீது நடந்து சென்ற, போல்ஷிவிக் அரசின் படையான செஞ்சேனை அவர்களை ஒடுக்கியது. அதே மாதத்தில் கூடிய பத்தாவது கட்சிப் பேராயம்தான் கட்டாயத் தானியப் பறிமுதலைக் கைவிட்டுப் புதிய பொருளாதாரக் கொள்கைக்கு வழி திறந்தது. மூன்றாவது, ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் மாண்ட 1921–22 பஞ்சம். பஞ்சத்தைக் குறிப்பிடும் சோவியத் நூல்களிலும், ஹூவர் தலைமையிலான அமெரிக்க நிவாரண அமைப்பு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு உணவளித்தது விரிவாகச் சொல்லப்படுவதில்லை.

அப்படியானால் மேலை நாட்டு நூல்களை வாங்குவதே மேலா?

அப்படியும் சொல்ல முடியாது. பனிப்போர்க் காலத்தில் அச்சான மலிவுப் பதிப்புகளில் வேறு வகையான இடைவெளிகள் உண்டு. ஆர்க்காங்கெல்ஸ்க்கில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும், விளாடிவோஸ்டாக்கில் ஜப்பானியரும் படையிறக்கியது சில நூல்களில் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடும். 1919இல் உக்ரைனில் பல்லாயிரம் யூதர்கள் கொல்லப்பட்டதும், அதில் போல்ஷிவிக்குகளை எதிர்த்துப் போரிட்ட வெண்படையினருக்கு இருந்த பங்கும் சிலவற்றில் இடம்பெறுவதே இல்லை. லெனின் முத்திரையிட்ட ரயிலில் ஜெர்மனி வழியாக வந்ததைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அந்த ரயில் வரும் முன்பே ஜார் வீழ்ந்துவிட்டதை வாசகர் மறக்கும்படி செய்யும் நூல்களும் உண்டு. இரு தரப்பு நூல்களையும் ஒரே சந்தேகத்தோடு படிப்பதுதான் முறை. எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினார் என்று ஆசிரியர் சொல்கிறாரா என்பதே என் முதல் கேள்வி. 1991க்குப் பிறகு ஆவணக் காப்பகங்கள் திறந்தபின் எழுதப்பட்ட நூல்களில் இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் இருக்கும்.

ஒரே ஒரு பழைய நூல்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ரீடு எழுதிய "உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்". அவர் 1917 இலையுதிர் காலத்தில் பெத்ரோகிராதில் இருந்து நேரில் கண்டவர். தெருச் சுவரொட்டிகளையும் ஆணைகளையும் செய்தித்தாள்களையும் சேகரித்து எழுதினார். 1919இல் வெளியான நூலுக்கு லெனினே சிறு முன்னுரை தந்தார். ரீடு 1920இல் மாஸ்கோவில் நச்சுக்காய்ச்சலால் இறந்து, கிரெம்ளின் மதிலருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இத்தனை இருந்தும் ஸ்டாலின் காலத்தில் அந்த நூல் சோவியத் நாட்டில் மறைந்து போனது. பக்கத்துக்குப் பக்கம் டிராட்ஸ்கி பேசுகிறார்; ஸ்டாலினோ ஓரிரு இடங்களில் பெயராக மட்டும் வருகிறார் என்பதே காரணம். ஸ்டாலின் 1924இலேயே ஓர் உரையில் ரீடின் விவரணையை மறுத்திருந்தார். 1956க்குப் பின்னரே நூல் மீண்டும் அச்சேறியது. ரீடு நடுநிலையாளர் அல்லர், தாம் எந்தப் பக்கம் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. எதிர்த்தரப்பினர் பேசியதையும் அவர்களுடைய அறிக்கைகளையும் விட்டுவிடாமல் பதிந்திருக்கிறார் என்பதுதான் அந்த நூலின் வலிமை. பின்னிணைப்புகள் முழுமையாக உள்ள பிரதியாகப் பார்த்து வாங்குங்கள். அவற்றைச் சலிப்பூட்டுபவை என்று தாண்டிப் போகிறவர்கள் நூலின் சிறந்த பகுதியை இழக்கிறார்கள்.

தமிழில் இவ்வளவு ரஷ்ய நூல்கள் எப்படி வந்தன?

சோவியத் அரசு இந்திய மொழிகளில் நூல்களை மாஸ்கோவிலேயே மொழிபெயர்த்து அச்சிட்டு, மிகக் குறைந்த விலையில் அனுப்பியது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் அங்கே பணியாற்றிய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள். தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அவற்றை விற்றது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது இந்த வரத்து நின்றது.

நூலக முத்திரையும் அடிக்கோடுகளும் உள்ள பிரதியை வாங்கலாமா?

முத்திரைக்கு மேலே நீக்கம் செய்யப்பட்டதற்கான குறிப்போ இன்னொரு முத்திரையோ இருந்தால் தயங்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லாமல், இரவல் அட்டைக்கான உறையும் அண்மைக்காலத் தேதிகளும் இருந்தால், அது திரும்பி வராத நூலாக இருக்கக்கூடும். அதை அந்த நூலகத்துக்குத் தெரிவிப்பதே முறை. அடிக்கோடுகளைப் பொறுத்தவரை, பென்சில் கோடுகளை அழிக்க வேண்டாம். 1970களில் ஒரு படிப்பு வட்டத்தில் எந்தப் பத்தி விவாதிக்கப்பட்டது என்பதை ஓரத்துக் குறிப்புகளிலிருந்து அறிய முடிகிற பிரதிகள் உண்டு, அவை சுத்தமான பிரதியைவிடப் படிக்கச் சுவையானவை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்வது?

உடனே மற்ற நூல்களோடு அலமாரியில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சியும் செல்லும் ஒரு நூலிலிருந்து அடுத்த நூலுக்குப் பரவும். வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமான இடத்தில் பக்கங்களை விசிறிபோல் விரித்து நிறுத்தி, மெல்லிய தூரிகையால் முதுகுப்பகுதித் தூசியைத் தட்டுங்கள். உயிருள்ள பூச்சிகள் தென்பட்டால், நூலை ஈரமின்றி நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பை முழுவதும் அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காமல் விடுங்கள். கிழிந்த பக்கங்களில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் பசை பழுப்பேறி எழுத்தையே விழுங்கிவிடும். நொறுங்கும் தாளுள்ள நூலை 180 பாகை விரித்துப் படிக்காமல், இருபுறமும் தலையணை கொடுத்துப் பாதி விரித்துப் படிப்பது நல்லது.

எவ்வளவு விலை கொடுக்கலாம்?

இந்நூல்களில் பெரும்பாலானவை அரியவை அல்ல. பெரும் எண்ணிக்கையில் அச்சானவை என்பதால், அட்டை பளபளப்பாக இருக்கிறது என்பதற்காகவோ, "மாஸ்கோ பதிப்பு" என்று கடைக்காரர் அழுத்திச் சொல்வதற்காகவோ கூடுதல் விலை தர வேண்டியதில்லை. அயல்மொழிப் பதிப்பகப் பெயரோடு வந்த 1950களின் தமிழ்ப் பிரதிகளுக்கும், வரைபடங்கள் மடிப்புத் தாளோடு முழுமையாக உள்ள பிரதிகளுக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம். பணம் கொடுக்கும் முன் பக்கங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.